மூன்றாவது அம்பிளிபயரின் நட்

என் அருமை மச்சான் குணம்,

நீ போய் எட்டு மாதமாகிறது. செங்கலடியில் நம் கடை திறந்துதான் இருக்கிறது. வாகனத்துக்குப் பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கர் பூட்ட வருகிறவர்கள் இன்றைக்கும் உன்னைத்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

உன் வேனைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் தங்கை, உன் மலர், அதை விற்றுவிடலாம் என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது, சும்மா நின்றால் துருப்பிடிக்கும். போன கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். எஞ்சினை இயக்கிப் பாட்டைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"பாட்டு நல்லம் தம்பி. பின்னால என்ன இரையுது?"

எக்ஸிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கூடுமே, அந்த இரைச்சல்தான். வேனில் மூன்று அம்பிளிபயர்கள். இரண்டுக்கு நீ வயர் இழுத்தாய், மூன்றாவதுக்கு நான். ஏர்த் வயர் சரியாகப் பிடிக்காவிட்டால் அப்படித்தான் இரையும். இரைச்சல் வந்த அன்றிலிருந்து நாலு வருடமாக "குணத்திட ஏர்த் சரியில்ல" என்று கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நீ ஒரு நாளாவது மறுத்தாயா? "மறுகா பாப்பம் மச்சான்" என்று பிறகுக்குத் தள்ளிவிடுவாய். அவ்வளவுதான்.

கடையில் நமக்குள் ஒரு சட்டம் உண்டல்லவா, ஒருவர் இறுக்கிய நட்டில் மற்றவர் கை வைக்கக்கூடாது என்று. அதனால் வேனின் பின் இருக்கையைத் தூக்கியதும் முதலில் என்னுடையதைத்தான் கழற்றினேன். ஏர்த் வயரை வேனின் தகட்டோடு நான் இறுக்கிய இடத்தில் பெயின்ற் அப்படியே மினுங்கியது. சுரண்டவே இல்லை மச்சான்! பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற ஆள் நான். உன்னுடைய இரண்டும் சுத்தமான இரும்பில் இறுகிக் கிடந்தன.

தேத்தண்ணியோடு வந்த மலரிடம் காட்டினேன்.

"அது அவருக்குத் தெரியும் அண்ணா. மச்சான்ட நட்டு, மச்சானே கழட்டட்டும் எண்டு சொன்னவர்."

தெரிந்துமா வாய் திறக்காமல் இருந்தாய்? எல்லோர் முன்னாலும் என்னிடம் பேச்சு வாங்கிக்கொண்டு? முதலில் வெட்கம் வந்தது. பிறகு உன்மேல் கோபம். பிறகு அழுதேன்.

சுரண்டி இறுக்கி, எஞ்சினை இயக்கி மிதித்துப் பார்த்தேன். பாட்டு மட்டும் கேட்டது. மலர் வேன் கதவைப் பிடித்தபடி சொன்னாள்:

"பாட்டோட அந்த இரைச்சலும் வீட்டு ஒழுங்கைக்குள்ள கேட்டாத்தான் அண்ணா, அவர் வாறார் எண்டு சோறு போடுவன்."

ஸ்பனரை மறுபடி எடுத்தேன். "திரும்பப் பிழையாக்கித் தரவா?" என்றேன்.

"அது உங்களுக்குச் சொல்லித் தரவா வேணும்?" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு விற்கிற கதையை அவள் எடுக்கவில்லை.

உன் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு வேன்காரர், கடைக்காரர் எல்லோரும் வருவார்கள். சோறு போடுமுன் எழுந்து நின்று சொல்லுவேன்: "குணத்திட ஏர்த் சரி. பிழை என்ட." நீ இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது. கட்டாயம் சொல்லுவேன். உன் இரண்டு நட்டிலும் இனியும் கை வைக்க மாட்டேன்.

நீ தொடாமல் விட்ட நட்டின் சொந்தக்காரன்,
உன் மச்சான்