பதினாறு வாளிகளும் ஒரு துண்டுத்தாளும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதச் சொல்லி எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதச் சொன்னேன், உன் தங்கையும் எழுதிவிட்டாள், ஆனால் அது முக்கால் நலம்தான். காய்ச்சல் போன பிறகும் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை, அதனால்தான் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் தங்கையாகிய நான், அக்கா. ஊர்க்கொசுவை எல்லாம் ஒழித்தவளைக் கொசு பழிவாங்கிவிட்டது என்றேன், அடுப்படியிலிருந்து கரண்டி பறந்து வந்தது. வீங்கிய கைக்குக் குறி தப்பவில்லை.)

அடியே, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. மூன்று வாரம் படுத்துக் கிடந்துவிட்டு திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினேன். நகராட்சி அலுவலகத்துக்குள் போகாமல் நேராக எனக்கு ஒதுக்கிய தெருவுக்கே போய்விட்டேன். முதல் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வெள்ளை வாளி, மூடியில் ஓட்டை, உள்ளே தண்ணீர், தண்ணீர் முழுக்க நெளிந்து நெளிந்து கொசுப்புழு! பதினெட்டு வருஷமாகத் தேங்கின தண்ணீரைக் கவிழ்ப்பதுதானே என் பிழைப்பு, கவிழ்த்தேன். அடுத்த வீட்டிலும் அதே வாளி, அதற்கடுத்ததிலும். தையல்காரர் ஊசியும் நூலுமாக ஓடி வந்து, அக்கா அது உங்க ஆபீஸ்ல வச்சதுக்கா என்றார். எந்த ஆபீசுய்யா கொசு வளர்க்கும், இப்ப உமக்குக் காய்ச்சலா என்று கேட்டு அவர் வாளியையும் கவிழ்த்தேன். மொத்தம் பதினாறு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி வேறு கவிழ்த்து வைத்தேன்.

மேற்பார்வையாளர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொசு முட்டையும் தண்ணீருமாக வாளியை வைத்தது அலுவலகம்தானாம்! அந்தக் கொசுக்களின் உடம்புக்குள் ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறதாம், நம்மை ஒன்றும் செய்யாதாம், அது உள்ளே இருந்தால் காய்ச்சல் கிருமி அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடியாதாம். தாய்க்கொசுவின் முட்டை வழியாகவே பிள்ளைகளுக்கும் போய்விடுமாம், கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்கொசு எல்லாம் அந்த வம்சமாகவே மாறிவிடுமாம். (சத்தமில்லாமல் நுழைந்து ஆறே மாதத்தில் பீரோச் சாவியை வாங்கிக்கொள்ளும் மருமகள் மாதிரி. எழுதாதே என்றாள் அம்மா, எழுதிவிட்டேன்.) அந்த வம்சத்தைத்தான் நான் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். இனி அந்தத் தெருவுக்கு மறுபடி முட்டை வந்து சேர ஒரு மாதம் ஆகுமாம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கேள். நான் படுத்திருந்தபோது எல்லோருக்கும் வகுப்பு நடந்ததாம், வராத எனக்கு எல்லாவற்றையும் துண்டுத்தாளில் எழுதி, புகைமருந்து அடிக்கும் என் கூட்டாளியிடம், நீங்கள் இரண்டு பேரும் புகை அத்தை என்பீர்களே, அவளிடம் கொடுத்தனுப்பினார்களாம். எனக்கு வரவே இல்லை என்றேன். வீட்லயே கொண்டுபோய்க் குடுத்தேன் சார் என்கிறாள் அவள்! கூசாமப் பொய் சொல்றியேடி என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் ஒப்பந்த வேலைக்காரி, வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான பதில் தராவிட்டால் வேலை இல்லையாம். நான் விழுந்து கிடந்தபோது தினமும் சமைத்துக் கொண்டுவந்தவள் இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. நீயும் அங்கே யாரையும் முழுசாக நம்பிவிடாதே.

(அக்கா, புகை அத்தை பொய் சொல்லவில்லை. தாளை வாங்கியது நான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். படித்துப் பார்த்தேன், கொசு வளர்க்கும் வாளியைப் பார்த்து அம்மா முழிக்கிற முழியை நினைத்தேன், சிரிப்பு தாங்கவில்லை, அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்துவிட்டேன். முதல் வீட்டிலேயே யாராவது தடுத்துவிடுவார்கள், சாயங்காலம் தாளை நீட்டிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். அம்மாவை யாராலும் தடுக்க முடியாது என்பது மறந்துவிட்டது. மூன்று நாளாக வாய் திறக்க வரவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன் அம்மா கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படிப்பாள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.)

நான் சொன்னது ஒரு வரி, இவள் என்ன ஒரு பக்கம் எழுதுகிறாள் என்று கேட்டேன், எழுத்து பெரிசாகிவிட்டதாம். சரி, குளிர் காற்றில் தலையை நனைத்துக்கொண்டு திரியாதே. மாத்திரையை மறக்காதே. நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் நீ நிறைந்து வாழ வேண்டும்.

படித்தேன். இது என் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். உன் தங்கையை அடிக்கவில்லை, கை ஓங்கத் தெம்பில்லை. தாளோடு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நாளைக்கு அலுவலகம், இப்போது புகை அத்தை வீடு. அவள் கதவைத் திறந்தால் முதலில் பேச வேண்டியவள் நான்தான், என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உன் அம்மா