தோலுக்கு இணை தேடிய கதை

ஆம்பூர்,
15.11.2005

அன்புள்ள ஜெஃப்ரிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அத்தையும் சுகம். மஸ்கட் வெயிலில் உங்கள் இருமல் குறைந்ததா? அத்தை சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள். போனில் கோர்வையாகச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி அனுப்பிய ஷூக்களில் இடது ஷூவின் தோலும் வலது ஷூவின் தோலும் ஒன்றுபோல் இல்லையென்று ஜெர்மன்காரர்கள் இரண்டாயிரம் ஜோடியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒத்த தோலைக் கம்ப்யூட்டரால் தேட முடியுமா என்று மேனேஜர் நிசார் அஹமது சார் என்னைக் கேட்டார். ஒவ்வொரு தோலையும் படமெடுத்து, நிறம், சுருக்கம், துளைகளின் நெருக்கம் எல்லாவற்றையும் அறுபத்துநான்கு எண்களாக்கினேன். எங்கள் டேட்டாபேஸுக்கு எழுத்து தெரியும், தேதி தெரியும், இத்தனை எண்களை ஒரே பொருளாக வைக்கத் தெரியவில்லை. எழுத்தாகப் போட்டுவைத்தால், ஒரு தோலுக்கு இணை தேட இருபது நிமிடம் ஆனது.

அது இலவச டேட்டாபேஸ். உள்ளே திறந்து மாற்றலாம். ‘வெக்டர்’ என்று ஒரு புது வகையை நானே எழுதிச் சேர்த்தேன். இரண்டு தோல்களின் எண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று இப்போது அதுவே சொல்லும். தூரம் கம்மியானால் ஒத்த தோல்.

முதல் நாள் என் பிழையால் சர்வரே நின்று, பில் போட முடியாமல் சரக்கு லாரி இரண்டு மணி நேரம் கேட்டில் காத்துக்கிடந்தது. சாரிடம் போய் என் தப்புதான் என்றேன். திட்டவில்லை. தனிக் கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு, தரம் பிரிக்கும் தில்ஷாத் அக்கா நானூறு ஜோடித் தோல்களைப் பார்த்து, ஒத்தது எது, ஒவ்வாதது எது என்று சொன்னார். எந்த எண் எவ்வளவு முக்கியம் என்று அதிலிருந்து ப்ரோகிராம் தானாகக் கற்றுக்கொண்டது. நேற்று அக்கா ஒரு தோலைக் கொடுத்தார். நாலே செகண்டில் கிடங்கிலிருந்த மூவாயிரத்தில் ஒன்றைக் காட்டியது. இரண்டையும் ஜன்னலருகே விரித்து, வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“இன்னாம்மா ஹெப்சி, இதுக்கும் கண்ணு வந்துடுச்சா? நான் தேடியிருந்தா சாயங்காலம் ஆயிருக்கும்” என்றார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

வாணியம்பாடி யூனிட்டிலும் இதைப் போட வேண்டுமாம். பொறுப்பு எனக்கு. முடிய ஜூன் ஆகும். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபிக்காதீர்கள்.

நான் அங்கே வர நீங்கள் அனுப்பிய விசா தாள் வந்தது. பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது லீவு போட்டு வாருங்கள். ஒரு நாள் கம்பெனிக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகு, எனக்கு டிக்கெட் எடுப்பதைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன். அதுவரை எடுக்க வேண்டாம்.

கர்த்தர் உங்களைக் கண்மணிபோல் காப்பாராக.

என்றும் உங்கள்,
ஹெப்சி