ஒற்றை டிரம்பெட்டுக்கு நாற்பது நொடி

ஏனாத்தூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அம்மா சுகம், வீடு வாசல் எல்லாம் சுகம். என் சுகத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், நீ உடனே அங்கே தாவாமல் வரிசையாகப் படி. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை உன் ரெக்கார்டிங் முடிந்த பிறகுதான் புடாபெஸ்டுக்கு வந்து சேரும் என்று அம்மா இதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், தவிர நான் போனில் பேசாததற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது.

உன் படத்துக்கு நீ எழுதி அனுப்பிய இசையை ஏழெட்டுத் தடவை கேட்டோம். எழுபது பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியே இருக்கிறது, இப்போதைக்குக் கம்ப்யூட்டர் வாசித்தது என்றால் நம்ப முடியவில்லை. படத்தில் அந்தப் பெண் தன்னந்தனியாகச் சனிக் கிரகத்து வளையத்துக்குள் கப்பலை ஓட்டிப் போகிற இடத்தில் எல்லா வாத்தியமும் அடங்கி ஒரே ஒரு டிரம்பெட் மட்டும் ஏறுகிறதே, அங்கே அம்மா அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டு வள்ளி கதையைக் கேட்டுவிட்டு, ஊரே சனி விலகணும்னு விளக்கு போட்டுக்கினு இருக்குது, இந்தப் பொண்ணு ஏன் அதைத் தேடிக்கினு போவுது என்றாள். எல்லாரும் சிரித்தோம், ஆனால் என் மனசு அந்த டிரம்பெட்டிலேயே நின்றுவிட்டது.

நீ கூடவே அனுப்பிய இசைக்குறிப்பு நோட்டை வைத்து நானே ஊதிப் பார்த்தேன். முப்பது வருஷமாக பேண்டு செட்டில் கல்யாண ஊர்வலத்துக்கும் பட்டுக்கடைத் திறப்பு விழாவுக்கும் ஊதிய வாய், பாதிகூடத் தாண்டவில்லை, இழை அறுந்த மாதிரி அறுந்துவிட்டது. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், நாற்பது நொடி. மேலே ஏறிக்கொண்டே, சத்தமும் கூடிக்கொண்டே போகிறது, நடுவில் மூச்சு எடுக்க ஒரு இடம் இல்லை. கம்ப்யூட்டருக்கு மூச்சு வேண்டாம், அதனால் உனக்குத் தெரியாமல் போயிருக்கும். டிரம்பெட்காரன் மகள் இதை எப்படி மறந்தாள் என்று கோபம்கூட வந்தது. உனக்குக் கிடைத்திருக்கிற முதல் படம், வெள்ளிக்கிழமை அத்தனை பேர் நடுவில் டிரம்பெட் ஊதுகிற ஆள் பாதியில் நிறுத்திவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வாய் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் ஊதுகிற நான் அங்கே படித்தவளுக்குத் தப்புச் சொல்வதா என்றும் பயம். அதைவிடப் பெரிய பயம், உன் நோட்டு நீளமா என் மூச்சு குட்டையா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் நேற்று தினகரனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். செட்டில் என் பக்கத்தில் நின்று ஊதுகிறவன், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன், கல் மாதிரி உடம்பு. மூன்று தடவை ஊதினான். என்னைவிடக் கொஞ்ச தூரம் போனான், அவ்வளவுதான், முகம் சிவந்து நின்றுவிட்டான். அண்ணே, இது ஒரு ஆளு ஊதுற வேல இல்லண்ணே என்றான். ஆகத் தப்பு நோட்டில்தான். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, மன்னித்துக்கொள்.

நாங்கள் நடந்துகொண்டே ஊதும்போது எப்படிச் சமாளிப்போம் என்று நீ சின்ன வயசில் கூடவே வந்து பார்த்திருக்கிறாய். ஒருத்தன் மூச்சு எடுக்கும்போது மற்றவன் பிடித்துக்கொள்வான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விடமாட்டோம். அப்படி இரண்டு பேருக்குப் பிரித்து எழுதிவிடு. அவள் வளையத்தை முதலில் பார்க்கிற இடத்தில் இரண்டாவது ஆள் மெதுவாக உள்ளே வரட்டும். கதையில் அவள் தனி ஆள், அதனால் ஊதுகிறவரும் தனி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிப்பாய். கேட்கிறவர்களுக்கு ஒரு ஆள் என்றுதான் தோன்றும், ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இப்போது என் சுகத்தைச் சொல்கிறேன். ஆடி மாசத்திலிருந்து எனக்கு மூச்சு வாங்குகிறது. நாலு வார்த்தை பேசினால் நிற்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் போனை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். வயசு என்று சொல்லி அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், போன வாரம் அவள் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். வருகிற திங்கட்கிழமை ஸ்கேன். என்ன சொல்வார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நீ டிக்கெட் போட்டுவிடாதே, முதலில் வெள்ளிக்கிழமையை முடி. இந்த ஏழு மாசமாகப் பாட்டில் நீளமான இடமெல்லாம் தினகரன்தான் ஊதுகிறான், நான் டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு கூட நடக்கிறேன். கிறிஸ்துமஸ் பவனி வீடியோவைப் பார்த்துவிட்டு அப்பா சூப்பர் என்று எழுதினாயே, அதில் கேட்டது அவன் மூச்சு.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. குளிரில் காது மறைத்துப் போ. இன்றைக்கே உட்கார்ந்து அந்த இடத்தைத் திருத்திவிடு, மறந்துவிடாதே.

உன் அப்பா,
ஜோசுவா