ரத்தினம் அண்ணைக்கு வாங்கு வேண்டாம்

2006 மே 9, செவ்வாய்

நாங்கள் இருக்கும் மிச்சம் (Mitcham) என்ற ஊரின் ஆற்றங்கரையைக் கார் பார்க் ஆக்க விடாமல் பல வருடம் கவுன்சிலோடு மல்லுக்கட்டிய பக்கத்து வீட்டு ரத்தினம் அண்ணை மாசியில் காலமானார். அவர் பெயரில் அங்கே ஆட்கள் உட்கார ஒரு வாங்கு போடப்போவதாக இன்று கவுன்சில் அதிகாரி எங்களைக் கூப்பிட்டிருந்தார். அண்ணையின் மனைவி பூமணி அக்காவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்.

"எவடத்தில போடப் போகினமாம்?" என்று அக்கா கேட்டார்.

அதிகாரி புதராய் அடர்ந்திருந்த ஒரு முள்ளுப்பத்தையைக் காட்டினார். அதை வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டுமாம்.

"உதுக்குள்ள குருவியள் கூடு கட்டியிருக்கு. வெட்டினால் அந்த மனுசன் எழும்பி வந்து பெட்டிசன் எழுதும் எண்டு சொல்லு, தம்பி."

ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வாங்கு வேண்டாம், பத்தை அப்படியே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

வேலைக்கு லீவு போட்டு வந்த அக்காவின் மகன் கவினுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "அப்பான்ர பேர் ஒரு இடத்திலயும் இருக்காதே, அம்மா."

"பேர் என்னத்துக்கு? கொப்பர் கேட்டது உந்தப் பத்தையைத்தானே."

அதிகாரி போன பிறகு, பிளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணியை நின்றபடியே குடித்தோம். அக்கா பழைய கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். கவின் சட்டென்று கையை உயர்த்தினான்.

"மெல்லக் கதையுங்கோ அம்மா, தாய்க்குருவி வருது."