நாலாவது தட்டலுக்குப் பாயாதே

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அக்கா, நான் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ நலமா என்று எப்போதும் ஒரு பேச்சுக்கு எழுதுவேன், இன்றைக்கு அதையே கெஞ்சிக் கேட்கிறேன், நலமாக இருக்கிறாயாடா? போனை எடுத்தால் என்ன குறைந்துபோய்விடுவாய்? உன்னோடு தங்கியிருக்கும் நெட்டையனிடம் அக்கா பேசினாள். கோல்கீப்பர் கையுறையைக் குப்பையில போட்டுட்டான்க்கா, நான்தான் பொறுக்கி வெச்சிருக்கேன், ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறான் என்றானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை அவன் பெயருக்கு அனுப்புகிறேன், உன் கையில் திணிக்காமல் விடமாட்டான்.

லீவில் நீயும் நெட்டையனும் உங்கள் டீம் கேப்டனும் சேர்ந்து பாட்டுப் பாடி வெளியிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கேப்டன் குரல் தகர டப்பாவை உருட்டின மாதிரி இருந்தாலும் என் தையல் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன், ஒரு அம்மா ரவிக்கை அளவு கொடுக்கும் முன்னாலேயே ஓடிப்போனாள். ஆனால் நடுவில் வருகிற கைத்தட்டல் உன்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் கதவைத் தட்டுவாயே, மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று, அதே தாளம். கேட்டதும் அழுதுவிட்டேன். அது உனக்கே வினையாகும் என்று யார் கண்டது? எதிர் அணியின் கூட்டம் பெனால்டிக்கு நீ கோலில் நிற்கும்போதெல்லாம் அதையே தட்டித் தட்டி உன்னைக் கவிழ்க்கிறது. பாட்டு தலைக்கேறிவிட்டது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அன்றைக்கு அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் கண்டக்டர் விளையாட்டாக அப்படித் தட்டினாராம், அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார், அத்தனை ஜனமும் நடுரோட்டில்.

தலைக்கும் ஏறவில்லை ஒன்றுமில்லை, பாவிகள். நான் சொல்வதைக் கேள். போன மேட்சை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தட்டினார்கள், நாலாவது தட்டியதும் நான் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு நடக்கிறேன்! அதே நொடியில் அங்கே நீ பாய்ந்தாய், பந்தை இன்னும் உதைக்கவேயில்லை. உதைக்கிறவன் சிரித்துக்கொண்டே மறுபக்கம் தள்ளிவிட்டான். நாலாவது தட்டலுக்கு நான் தாழ்ப்பாளை எடுப்பேன், நீ பையை வீசிவிட்டு உள்ளே பாய்வாய், எத்தனை வருஷப் பழக்கம்டா அது! என்னாலேயே விட முடியவில்லை, நீ எப்படி விடுவாய்? உன் கையில் கோளாறு இல்லை, கண்ணில் கோளாறு இல்லை, ஐயோ, நம் வீட்டுக் கதவுதான் உன்னைத் தள்ளிவிடுகிறது.

இன்னொரு கோல்கீப்பருக்கு விரல் உடைந்துவிட்டதாம், கடைசி மேட்சுக்கு உன்னைத்தான் இறக்கியாக வேண்டும் என்கிறாராம் கோச். ஆனால் பயிற்சிக்கு வராவிட்டால் அதோடு உன் கணக்கை முடித்துவிடுவார்களாம். காலில் விழுந்து கேட்கிறேன், எழுந்து போ. காதில் பஞ்சு வைத்துக்கொள். இல்லாவிட்டால் கேப்டன் பாடுகிற அந்தக் கண்றாவிப் பகுதியை வாய்க்குள் முணுமுணு, எந்தத் தாளமும் நிற்காது. உதைக்கிறவன் காலை மட்டும் பார். அப்படியும் முடியவில்லையா, பந்தும் வேண்டாம் பாட்டும் வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக் கிடக்காதே.

நூறு வயசுக்கு நன்றாக இரு என் ராசா, நெட்டையனும் நன்றாக இருக்கட்டும். போனுக்குச் சார்ஜ் போடு. நான் அன்றைக்கு எழுந்து வாசலுக்குப் போனதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டார். இப்போது கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது. எப்போது வந்தாலும் தட்டாதே, தள்ளிக்கொண்டு உள்ளே வா.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா