இருபத்திரண்டு நாள் கேட்காத குரல்

ஜூன் 9, திங்கள்

இன்று போனில் முதல் வகுப்பு. விழுப்புரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி, நோயாளிகளைக் கவனிக்கும் படிப்பு. முதல் இரண்டு மாதம் பாடம் போனில்தான். ஜெசிந்தா டீச்சர் பெயர் கூப்பிட்டார். "அம்சா" என்றதும் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றேன். மயிலத்தில் எட்டாவதோடு நின்ற வார்த்தை அது. இருபது வருஷம் கழித்து வாயில் வந்தது.

அத்தை தினமும் பத்து மணிக்குத்தான் ஒப்பாரி வைக்கும். அத்தை மகன், என் வீட்டுக்காரர், உயிர் போன நேரம். வகுப்பும் பத்துக்கு. கூடப் படிக்கும் பக்கத்து வீட்டு வேணி, "மைக் படத்தத் தொட்டு செவப்பாக்கிடுக்கா, வூட்டுச் சத்தம் அங்க போவாது" என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஜூன் 13, வெள்ளி

கல்லூரியிலிருந்து போனில் ஒரு படிவம். வீட்டில் அமைதியான இடம் உண்டா? இல்லை.

தானாகப் படிக்கும் பழக்கம் உண்டா? திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிவிட்டு வரும்போது அவர் போண்டா வாங்கி வருவார். சுற்றியிருக்கும் பேப்பரை நான் உரக்கப் படித்தால்தான் பிரிக்க விடுவார். "தடுக்குச்சின்னா ஒரு போண்டா கட்" என்பார். எத்தனை போண்டா போயிருக்கும். அதெல்லாம் தானாகப் படித்ததாகுமா? இல்லை என்று போட்டேன்.

ஏன் சேர்ந்தீர்கள்? ஆஸ்பத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியாமல் முதுகெல்லாம் புண்ணாகிவிட்டது. அதை எழுத இடமில்லை. "வேலைக்காக" என்பதைத் தொட்டேன்.

ஜூன் 24

படுக்கைப் புண் பாடம். ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பணுமாம். அவ்ளோதான். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே —

ஜூலை 9, புதன்

டீச்சர் போன் செய்தார். "இருவத்திரெண்டு நாளா வரவே இல்லியேம்மா. இப்பிடியே போனா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"தெனம் எழுந்து நின்னு சொல்றேனே டீச்சர்."

அப்புறம்தான் விளங்கியது. மைக் சிவப்பாக இருந்தால் என் குரலும் போகாதாம். அத்தை அழுகைதான் அடைபடும் என்று நினைத்திருந்தேன்.

"மாசிலாமணின்னு ஒரு பேர் தெனம் வருதே, அது யாரு?"

"எங்க வூட்டுக்காரர் டீச்சர். இது அவர் போனு. தை மாசம் தவறிட்டாரு."

"பழைய நாளுக்கு நான் காலேஜ்ல பேசிப் பாக்கறேன். இனிமே ஒரு நாள் தவறக் கூடாது. உங்க குரல் கேக்கணும்."

இருபத்திரண்டு நாளும் அவர் வகுப்பில் இருந்திருக்கிறார். நான்தான் இல்லை. சிரிப்பாரே, இதைக் கேட்டால்.

ஜூலை 10

அத்தையிடம் சொன்னேன். "எம்புள்ளைக்கு அழுவறதுக்கு ஒங்க டீச்சரக் கேட்டுக்கினு அழுவணுமாடி?" என்றது. பத்து மணிக்கு ஒப்பாரி தொடங்கியது. மைக்கைத் திறந்தேன்.

"யாருப்பா அது சீரியல் வெச்சிக்கினு ஒக்காந்திருக்கறது?" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். என் பெயர் வந்தது. போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"அக்கா இருக்காங்க டீச்சர்" என்றாள் வேணி.

"அம்சாவே சொல்லட்டும்."

சொன்னேன். அத்தை அழுகை நடுவில்.

ஜூலை 11

பத்து மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. வாசலில் அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு அத்த."

அதற்கப்புறம்தான் அத்தை ஒப்பாரியை ஆரம்பித்தது. நானும் கூட அழுதேன்.