கூட்டை விட்டு எழாத நாரை

ஜூலை 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. நான் காவல் காக்கும் ஜோடியில் ஆண் நாரை இன்று காலை செத்துவிட்டது. என் தோள் உயரம் நிற்கும் பறவை, சேற்றில் கழுத்து மடங்கிக் கிடந்தது. அலகோரம் விஷம் கலந்த தானியம். நேற்று சாயங்காலம் ஒருத்தன் கரையில் அதைத்தான் இறைத்திருக்கிறான். முகத்தைப் பார்த்துவிட்டேன். அவனும் என்னைப் பார்த்தான். கூடுகள் இல்லையென்றால் இந்தச் சதுப்பு நிலத்தை மூடிக் கட்டடம் எழுப்பலாம், அதற்குத்தான். போலீஸில் சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு முத்தம்.

நான்

ஜூலை 7

என் பறவைக்காரிக்கு,

கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க ஓடவில்லை. அந்த நாரைக்கு நீ ஒருத்திதான் கதியா? பாப்பா தினமும், "அம்மா கொக்கு வீட்டுக்கே போயிட்டாளா?" என்கிறாள். சாட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கிளம்பி வா.

உன் தையல்காரன்

ஜூலை 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

கோபப்படாதீர்கள். நாரை இரண்டும் முட்டையை மாறி மாறி அடைகாக்க வேண்டியது. இப்போது பெண் நாரை இவள் ஒருத்தி. எழுந்தால் காகம் முட்டையைத் தூக்கிவிடும் என்று இரை தேடக்கூடப் போவதில்லை, மெலிந்துவிட்டாள். நான் படகில் நின்று காகத்தை விரட்டினால்தான் கொஞ்சம் மேய்கிறாள்.

நேற்று என் அறை வாசலில் அதே தானியம் ஒரு பிடி கிடந்தது. அதிலிருந்து தண்ணீரைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இருபதாம் தேதி கோர்ட்டில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

நான்

ஜூலை 15

என் பறவைக்காரிக்கு,

வீட்டுக்கு வராதே.

நேற்று ஒருத்தன் சட்டை தைக்க வந்தான். கழுத்தில் டேப்பைச் சுற்றும்போது மெதுவாகக் கேட்டான்: "உங்க வீட்டம்மா இன்னும் அந்தச் சதுப்புத் தண்ணியிலதான் இருக்காங்களா?" நான் டேப்பைத் தோளுக்கு இறக்கினேன். "பாப்பா செவப்புப் பை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறது அழகா இருக்கு," என்றான். மார்பளவு, கையளவு எல்லாம் எடுத்தேன். நிறுத்தத் தைரியம் வரவில்லை. அவன் போனதும் கடையை மூடினேன். பாப்பாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டேன்.

நீ பார்த்தவன்தானா இவன், தெரியாது. ஆனால் இருபதாம் தேதி கோர்ட் வாசலில் நிற்பேன். நீ சொல்லி முடித்ததும் நானும் சொல்வேன். உன்னைப் போலவே எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அவன் முகத்தை நான் ஒரு சாண் தூரத்தில் பார்த்தவன்.

உன் தையல்காரன்